தண்ணி புகாத ஷூவும் ஒரு ஞானஸ்நானமும்

ஷூ வாங்கணும். அன்னிக்கி எனக்கிருந்த வேலை அவ்ளோதான்.

விழுப்புரத்துல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கிறவனுக்கு ஷூ எதுக்குன்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. இத்தனை வருஷமா ரப்பர் செருப்புலயே காலத்த ஓட்டினவன் நான். தங்கச்சி கல்யாணத்துக்கே அதோடதான் போனேன்.

அங்கதான் மானம் போச்சு.

தங்கச்சி ஸ்டெல்லாவ கிளியனூர் பக்கம் ஒரு கிராமத்துல குடுத்திருக்கோம். கல்யாணத்தன்னிக்கி நல்ல மழை. சீர் தட்டைத் தூக்கிக்கினு ஊர்வலத்துல முதல் ஆளா நடக்குறேன். பின்னாடி பேண்டு வாத்தியம். மாப்பிள்ளை வீட்டு வாசல்கிட்ட வந்ததும் வலது செருப்பு சேத்துல மாட்டிக்கிச்சு. செருப்பு நின்னுடுச்சு. நான் நிக்கல.

முழங்கை வரைக்கும் சேறு. வாழைப்பழம், வெத்தலை, பட்டுப் புடவை எல்லாம் எனக்கு முன்னாடியே போய் சேத்துல உக்காந்துக்கினு இருக்கு. பேண்டுக்காரங்க மட்டும் நிறுத்தவே இல்ல.

ஸ்டெல்லாவோட மாமியார் வாசல்லயே நின்னு பாத்தாங்க. பதறவும் இல்ல, சிரிக்கவும் இல்ல.

"ஏந் தம்பி, பொண்ணு குடுக்க வந்தீங்களா, நாத்து நட வந்தீங்களா?"

அதோட சரி. அந்த ஊர்ல என் பேரு 'நாத்து நட்ட மாமா'ன்னு ஆயிடுச்சு. எனக்கு ஒண்ணும் இல்ல, நான் விழுப்புரத்துல இருக்கேன். ஸ்டெல்லா அங்கயே இல்ல குடும்பம் நடத்தணும்! அவ கையில இருந்து ஒரு டம்ளர் வுழுந்தா போதும், "அண்ணன் வளப்பு அப்படி"ன்னு மாமியார் ஆரம்பிச்சுடுவாங்களாம்.

இப்ப அவளுக்குப் பொண்ணு பொறந்திருக்கு. ஞானஸ்நானம் வெச்சிருக்காங்க. தாய்மாமன் நான்தான் ஞானத்தந்தை. எந்த மாசம் வெச்சாங்க தெரியுமா? கார்த்திகை! வருஷத்துல வேற மாசமே இல்லாத மாதிரி.

ஸ்டெல்லா போன் பண்ணா. "அண்ணா, பட்டு வேட்டி கட்டிக்கினு ஜம்முனு வா. ஆனா இந்த வாட்டி மட்டும் வுழுந்துடாத. உன்ன கெஞ்சிக் கேட்டுக்கிறேன்."

சிரிச்சிக்கினேதான் சொன்னா. ஆனா குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. ஒரு அண்ணன்கிட்ட தங்கச்சி நகை கேக்கலாம், சீர் கேக்கலாம். வுழாம வான்னு கேக்குற நிலைமைக்கு ஆளாக்கி வெச்சிருக்கேனே!

அதான் ஷூ.

முதல் கடையில, "மழைக்கு ஒண்ணு குடுங்க"ன்னேன். முழங்கால் உசரத்துக்கு கருப்பு கம்பூட் ஒண்ண எடுத்து வெச்சாரு.

"விசேஷத்துக்குப் போறேங்க."

"அப்ப துடைச்சிட்டுப் போட்டுக்கங்க."

ரெண்டாவது கடையில மழைக்குன்னு குடுத்தது பிளாஸ்டிக் செருப்பு, மேல பெரிய பூ வெச்சது. லேடீஸ் மாடல் மாதிரி இருக்கேன்னேன். "தண்ணிக்கு ஆம்பள பொம்பள தெரியுமா சார்?"னு கேட்டாரு கடைக்காரரு. பூவ ஒரு வாட்டி தடவிப் பாத்துட்டு வெளிய வந்துட்டேன்.

மூணாவது கடைக்காரருதான் என் மனுஷன். கணுக்காலுக்கு மேல ஏறுற கருப்பு ஷூ ஒண்ண எடுத்தாரு. "இத பாருங்க சார். ஒரு சொட்டு புகாது."

"எப்படி நம்புறது?"

அவரு சொம்புத் தண்ணிய எடுத்தாரு. அப்படியே ஷூ உள்ள ஊத்தினாரு. நெறைய ஊத்தி, என் மூஞ்சிக்கு நேரா தூக்கிப் பிடிச்சாரு.

"ஒரு சொட்டு வெளிய வருதா?"

கீழ குனிஞ்சு பாத்தேன். தையல்ல விரல் வெச்சுப் பாத்தேன். வரல!

"வெளிய வர வழி இல்லன்னா உள்ள போகவும் வழி இல்ல சார்."

என்னா ஒரு விளக்கம்! அசந்துட்டேன். வாய தொறந்துக்கினு நின்னேனே தவிர, அதுல எனக்கு ஒரு எச்சரிக்கை இருக்குன்னு இந்த மண்டைக்கு உறைக்கல.

காய்ஞ்ச ஜோடி ஒண்ணு எடுத்துப் போட்டுப் பாத்தேன். விரலெல்லாம் நெருக்குது. "போடப் போடத் தளரும் சார்"னாரு. தளர்ற வரைக்கும் காலு எங்க போறது? ஒரு நம்பர் பெருசா கேட்டேன். கால் உள்ள போய் தாராளமா உக்காந்துச்சு. சுத்தி இன்னும் ஒரு ஆளுக்கு எடம் இருந்துச்சு. சவுகரியம்னா இதான்னு வாங்கிக்கினேன்.

விசேஷத்தன்னிக்கி பட்டு வேட்டி, முழுக்கை சட்டை, கீழ ஷூ. பஸ்ல ஏறினதும் கண்டக்டர் என்னை மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தாரு. "சாரு போலீஸா?"

"இல்லீங்க."

"மிலிட்டரி?"

"ஜெராக்ஸ்."

டிக்கெட்ட கிழிச்சுக் குடுத்துட்டு அடுத்த சீட்டுக்குப் போயிட்டாரு.

திண்டிவனத்துல பஸ் மாறணும். எறங்குனா கணுக்கால் அளவு தண்ணி. ஜனங்க செருப்ப கையில தூக்கிக்கினு, வேட்டிய தூக்கிக்கினு, கொக்கு மாதிரி ஒத்தக் கால்ல நிக்குறாங்க. நான் சும்மா சளக் சளக்னு நடுவுல நடந்து போறேன். ஒரு சொட்டு உள்ள புகல! வேணும்னே ரெண்டு சுத்து நடந்தேன். அந்தத் திமிருல கிளியனூர் வழியா போற பாண்டி பஸ் ஒண்ண வேற விட்டுட்டேன்.

கிளியனூர்ல எறங்கி உள்ள போற பாதை முழுக்க களிமண் சேறு. அதே சேறு. ஷூ கவ்விப் பிடிச்சுது. ஒரு வழுக்கு இல்ல.

மாமியார் வாசல்லயே நின்னுக்கினு இருந்தாங்க. என் மூஞ்சிய பாக்கல, கால பாத்தாங்க.

"அட! இந்த வாட்டி நின்னுக்கினே வந்துட்டீங்களே தம்பி!"

பின்னாடி கொழந்தைய வெச்சிக்கினு ஸ்டெல்லா நிக்குறா. அவ மூஞ்சியில அப்படி ஒரு நிம்மதி. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. மழைத் தண்ணின்னு சொல்லி சமாளிச்சேன்.

கோயிலுக்குப் போனோம். படிகிட்ட ஊரு செருப்பு பூரா குமிஞ்சு கெடக்குது. இதுக்கு நடுவுல என் ஷூவ விடுறதா? யாராவது மாட்டிக்கினு போயிட்டா? செவுத்தோரமா ஒரு மூலை காலியா இருந்துச்சு. ஒருத்தரும் செருப்பு விடல. நம்ம ஷூவுக்குன்னே ஒதுக்குன எடம்னு ஜோடியா நிமுத்தி வெச்சேன்.

அந்த எடத்துல ஏன் ஒருத்தரும் விடலன்னு யோசிச்சேனா? மேல நிமிந்து பாத்தேனா? மொட்டை மாடித் தண்ணி வுழுற குழாய் சரியா அங்கதான் நீட்டிக்கினு இருந்துச்சு.

பூசை ஆரம்பிச்சதும் பேய் மழை. ஃபாதர் தொண்டை கிழியக் கத்தி ஜெபம் சொல்றாரு. தலையில தண்ணி ஊத்தும்போது கூட கொழந்தை அழல. தூங்கிக்கினே இருந்துச்சு. "மாமன் மடி ராசி"ன்னு யாரோ சொன்னாங்க. நெஞ்ச நிமுத்திக்கினேன்.

முடியறப்ப மழை விட்டுடுச்சு. வெளிய வந்தா ஊரு செருப்பு பாதி வாய்க்கா வரைக்கும் மிதந்து போயிருக்கு. ஆளாளுக்குத் தேடிக்கினு இருக்காங்க. என் ஷூ மட்டும் வெச்ச எடத்துலயே கம்பீரமா நிக்குது. பெருமை தாங்கல.

"ஞானத்தந்தை எங்க? ஜல்தி வாங்க, வெளிச்சம் போவுது!" மாதா சிலை வெச்சிருக்கிற கெபிகிட்ட நின்னுக்கினு போட்டோக்காரர் கத்துறாரு.

கையில வெள்ளை கவுனோட கொழந்தை. அதுல என் கால் எனக்கே தெரியல. மாமியார் எனக்கு நேரா வந்து, குனிஞ்சு, கொழந்தையோட தொப்பிய சரி பண்றாங்க. நான் தடவித் தடவி வலது கால ஷூ மேல வெச்சு, ஓங்கி ஒரு மிதி மிதிச்சேன்.

ஷூ நெறைய தண்ணி.

ஒரு நம்பர் பெரிய ஷூ, அது நெறைய தண்ணி! புகாத தண்ணி குழாய் வழியா வந்து உக்காந்திருக்கு, வெளிய போக வழியில்லாம. நான் வெச்ச மிதியில மொத்தமும் மேல கெளம்பிச்சு. பாதி மாமியாரோட மூஞ்சியிலயும் பட்டுப் புடவையிலயும். மீதி கொழந்தை மூஞ்சியில.

அது வரைக்கும் அழாத கொழந்தை ஊரே அதிர்ற மாதிரி வீறிட்டுச்சு.

ஃபாதர் பின்னாடியே நின்னாரு. "ஞானஸ்நானம் ஒரு வாட்டி குடுத்தாலே போதும்பா. ரெண்டாவது செல்லாது."

யாரும் சிரிக்கல. எல்லாரும் மாமியார் மூஞ்சிய பாக்குறாங்க. நான் ஸ்டெல்லாவ பாத்தேன். அவ கண்ண மூடிக்கினு நிக்குறா. பூமி பொளந்தா அப்படியே உள்ள போயிடலாம்னு இருந்துச்சு, ஷூவோட.

மாமியார் முந்தானையால மூஞ்சியத் தொடச்சாங்க. என் ஷூவ ஒரு வாட்டி பாத்தாங்க.

"அன்னிக்கி நாத்து நட்டீங்க. இன்னிக்கி தண்ணி பாய்ச்சிட்டீங்க. அறுப்புக்கு எப்ப தம்பி வரீங்க?"

முதல்ல சிரிச்சது ஸ்டெல்லாதான். வாயப் பொத்திப் பாத்தா, முடியல. அவ சிரிக்கிறதப் பாத்து மாமியாருக்கும் சிரிப்பு வந்துடுச்சு. ரெண்டு பேரும் ஒருத்தர் தோளை ஒருத்தர் பிடிச்சிக்கினு சிரிக்கிறாங்க. போட்டோக்காரர் அதத்தான் எடுத்தாரு. அந்த வீட்டு ஹால்ல இப்ப அதத்தான் மாட்டி வெச்சிருக்காங்க. ஓரத்துல என் வலது காலும் இருக்கு.

தை மாசம் கொழந்தைக்குக் காது குத்தறாங்க. அறுப்பு சமயம்தான். மாமனை வெறுங்கால்ல வரச் சொல்லி உத்தரவு.