சந்தைக்கு நடுவே நின்ற எங்கள் கார்

எனக்கு ஒரு வியாதி உண்டு. யாராவது எதைப் பற்றியாவது என்னிடம் கேட்டால் "தெரியாது" என்ற சொல் வாயில் வராது. நாங்கள் இருக்கிற சுவிஸ் நாட்டுப் பீல் நகரத்துக்குப் புதிதாக வந்து ரயில் நிலையத்துக்கு வழி கேட்ட எத்தனையோ பேரை ஏரிப் பக்கம் அனுப்பியிருக்கிறேன். (நல்ல வேளையாக எங்கள் ஊரில் ஏரிக்குப் போகிற வழியில்தான் ஸ்டேஷனும் இருக்கிறது. அதனால் இன்றுவரை யாரும் திரும்பி வந்து அடிக்கவில்லை.)

இந்த வியாதி முற்றிப் பகிரங்கமானது ஸ்பெயின் நாட்டுக் கடற்கரையில்.

கோடையில் எங்கள் கைக்கடிகாரத் தொழிற்சாலையைப் பூட்டுவார்கள். அந்த விடுமுறைக்கு நானும் மனைவி சுகந்தியும் பத்து வயது மகள் யாழினியும் பழைய நீலக் காரில் புறப்பட்டு, பிரான்ஸைக் குறுக்கே கடந்து, எல்லைக்கு அப்பால் ஒரு சின்ன மீன்பிடித் துறையில் வாடகை வீடு எடுத்தோம். ஊரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் வீட்டில் இந்தக் கதையை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள்.

வெளியில் சொன்ன காரணம் கடல் குளிப்பு. உண்மையான காரணம் சுகந்தியின் அண்ணன். அவர் பாரிஸில் இருக்கிறார். மூன்று வருடங்களுக்கு முன் தன் மூத்த மகளின் கலியாணத்துக்குத் தங்கைக்கு வாட்ஸ்அப்பில் கார்டு அனுப்பிவிட்டார். கூடப்பிறந்தவளுக்கு நேரில் வந்து வெற்றிலைத் தட்டம் நீட்டிச் சொல்ல வேண்டிய கலியாணம். சுகந்தி பதிலுக்குக் கைகூப்பிய பொம்மை ஒன்றை அனுப்பிவிட்டு வீட்டில் இருந்துவிட்டாள். அன்றோடு அண்ணன் தங்கைக்குள் கதைபேச்சு நின்றது. அந்தக் கோடையில் அண்ணன் குடும்பமும் பிரான்ஸின் தென்கரையில் நிற்கிறது என்று கேள்விப்பட்டு, அண்ணியை இடையில் வைத்துப் பேசி, அந்த வாரம் ஒரு பின்னேரம் வருவதாக ஏற்பாடாகியிருந்தது. எந்த நாள் என்று நாங்கள் சொல்ல வேண்டும்.

"அண்ணை வந்திருந்து ஒரு கோப்பை கூழ் குடிச்சாரெண்டால் காணும். மிச்சத்தை நான் பாப்பன்" என்றாள் சுகந்தி.

கூழ் என்றால் பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவில் நண்டும் றாலும் கணவாயும் மீன்தலையும் போட்டுக் காய்ச்சுகிற எங்கள் யாழ்ப்பாணத்துக் கூழ். தனியாகக் குடிக்கிற சாமான் அல்ல. சுற்றியிருந்து உறிஞ்ச வேண்டும். உறைப்பில் எல்லோருக்கும் மூக்கும் கண்ணும் ஒழுகும். அந்த நேரத்தில் யாரும் யாரோடும் கோபமாக இருக்க முடியாது. ஒடியல் மாவைப் பீலிலிருந்தே கொண்டுபோயிருந்தோம். வாங்க வேண்டியது மீன் மட்டும்.

"நல்ல மீன் சந்தை எங்கையப்பா?" என்று சுகந்தி என்னிடம் கேட்டாள். என்னிடம்!

அந்தக் கரையில் ஒவ்வோர் ஊருக்கும் வாரத்தில் ஒரு நாள் சந்தை கூடும். வாடகைக்கு விட்ட வீட்டுக்காரி சிகரெட்டும் கையுமாக வாசலில் நின்று பிரெஞ்சில் விளங்கப்படுத்த, யாழினி மொழிபெயர்த்தாள். செவ்வாய்க்கிழமை எங்கள் ஊரிலேயே கூடும், ஆனால் சின்னது. புதன்கிழமைச் சந்தை மெழுகுதிரியும் சோப்பும் விற்கிறது, சுற்றுலா வந்த வெள்ளைக்காரருக்கு. வெள்ளிக்கிழமையைச் சொன்னவுடனேயே சுகந்தி "வெள்ளியில மச்சமாமிசம் இல்லை" என்று அடித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமையை நான் அடித்தேன். பத்தொன்பது வருடம் சுவிஸில் இருந்தவனுக்கு ஞாயிறு என்றால் எல்லாம் பூட்டு. போத்தலைக்கூடக் குப்பைத் தொட்டியில் சத்தம் வராமல் போடவேண்டிய நாளில் சந்தையாம்! மிஞ்சியது வியாழக்கிழமை: உள்ளே மலைப்பக்கம் ஒரு மணித்தியால ஓட்டத்தில், அந்த மாவட்டத்திலேயே பெரிய சந்தை. அண்ணனை அன்று பின்னேரமே வரச் சொன்னோம்.

"மீனெண்டால் இஞ்ச துறைமுகத்தில" என்றாள் வீட்டுக்காரி. "பின்னேரம் அஞ்சு மணிக்கு."

நான் சிரித்தேன். எங்கள் ஊரில் வள்ளம் விடிய வரும், மீன் விடிய விற்கும். பின்னேரம் விற்கிறது என்றால் காலையில் விலைபோகாமல் வெயில் குடித்த மீன்.

"அந்த மனிசி அஞ்சு மணி எண்டெல்லே சொல்லுறா?" என்று சுகந்தி இழுத்தாள்.

"நீர் பேசாம இரும். பின்னேர மீனை அண்ணைக்குக் குடுத்து இன்னொரு மூண்டு வருசம் கோவிக்கப் போறீரோ? மீனைப் பற்றி எனக்குத் தெரியாதோ?"

இந்த இடத்தில் ஒரு தகவல். சுகந்தி பருத்தித்துறைக்காரி, அவள் வீட்டு வாசலில் அலை அடிக்கும். நான் கோண்டாவில். சின்ன வயதில் நான் கண்ட பெரிய நீர்நிலை எங்கள் வீட்டுக் கிணறு.

வியாழன் விடிய, சுகந்தி ஒடியல் மாவை ஊறப்போட்டாள். நித்திரையில் இருந்த யாழினியைப் போர்வையோடு தூக்கிப் பின்சீட்டில் கிடத்தினோம். ஐஸ் பெட்டியை ஏற்றினோம். நல்ல மீன் வேண்டுமானால் முதல் ஆளாக நிற்க வேண்டும் என்பது என் கட்டளை. மலைப் பாதையில் வெளிச்சம் மெல்ல ஏற, சுகந்தி அண்ணனோடு நண்டுக் காலுக்குச் சண்டை பிடித்த கதைகளைச் சொல்லிக்கொண்டே வந்தாள். அவள் அப்படிச் சிரித்துக் கதைத்து நெடுநாளாகியிருந்தது. இப்போது நினைத்தால், அந்த ஒரு மணித்தியாலத்துக்காகவே அந்தப் பெட்ரோல் தகும்.

போய்ச் சேர்ந்தபோது ஊர் உறங்கிக்கொண்டிருந்தது. நடுவே ஒரு பெரிய சதுக்கம், நிழல் மரங்கள், ஒரு வாகனம் இல்லை.

"பார்த்தீரோ, நேரத்துக்கு வந்த பலன்!" என்று சதுக்கத்தின் நட்டநடுவில், மர நிழல் விழப்போகிற இடமாகக் கணக்குப் பார்த்துக் காரை நிறுத்தினேன். காசு போட இயந்திரம் தேடினேன், இல்லை. ஓசியில் நிற்பாட்ட சுவிஸ் மனம் ஒப்பவில்லை. ஆகவே காரை நிறுத்திய நேரத்தைக் காட்டுகிற எங்கள் சுவிஸ் நாட்டு நீல அட்டைக் கடிகாரத்தை, வந்த நேரத்துக்குத் திருப்பி, கண்ணாடிக்குள் வைத்தேன். (ஸ்பெயின் சட்டத்தை நான் மீறினேன் என்று யாரும் சொல்லக்கூடாது. மூலையில் ஓர் அறிவிப்புப் பலகை இருந்ததாம். அது வேறு விசயம்.)

மூலைக் கடையில் கோப்பி குடித்தோம். யாழினி சொக்கலேட்டில் ரொட்டியைத் தோய்த்துத் தோய்த்துச் சாப்பிட்டாள். வெளியே வான்கள் வரும் சத்தம், இரும்புக் கம்பிகள் விழும் சத்தம். சந்தை கூடுகிறது என்று நான் மகிழ்ந்தேன். வெளியே வந்தோம்.

காரைக் காணவில்லை.

சதுக்கம் முழுக்கக் கூடாரம். சந்துசந்தாக நடந்தோம். காற்சட்டை, செருப்பு, இடுப்புப் பட்டி, தலையணை உறை. காரும் இல்லை, மீனும் இல்லை. யாழினிதான் முதலில் கண்டாள்.

"அப்பா, எங்கட கார் உடுப்பு போட்டிருக்கு!"

ஓம். எங்கள் நீலக் கார் ஒரு நைட்டிக் கடையின் நடுவில் நின்றது. முன்னும் பின்னும் மேசைகள். மேலே கூடாரத் துணி. இரண்டு பக்கக் கண்ணாடியிலும் பூப்போட்ட நைட்டிகள் தொங்கின. முன்பக்க மூடிமேல் உள்ளாடைகளை அளவுவாரியாக அடுக்கியிருந்தார்கள். அந்த அடுக்குகளுக்கு இடையில் என் நீல அட்டை, நேரம் தவறாமல், எட்டிப் பார்த்தது.

கடைக்காரி வாட்டசாட்டமான மனுசி. என்னைக் கண்டதும் இரண்டு கையையும் வானத்துக்குத் தூக்கி நீளமாக ஏதோ சொன்னாள். விளங்கவில்லை, ஆனால் நல்ல வார்த்தை இல்லை. பொலிஸ்காரர் வந்தார். பிரெஞ்சு தெரிந்தவர். யாழினி மொழிபெயர்த்தாள்.

"இழுக்கிற லொறி உள்ளுக்கு வர ஏலாதாம் அப்பா. சந்தை கலையுமட்டும் நிக்கட்டாம். மத்தியானத்துக்குப் பிறகுதானாம். பிறகு..." அவள் தயங்கினாள். "உங்களுக்கு வாசிக்கத் தெரியாதோ எண்டும் கேக்கிறார்."

சரி, மீனையாவது பிடிப்போம் என்று நான் ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். தேன் இருந்தது. ஒலிவ் இருந்தது. கோழிக்குஞ்சுகூட இருந்தது. பீலின் பழைய நகரத்துச் சந்தையில் ஏரி மீன் விற்பார்கள். இவ்வளவு பெரிய சந்தையில் இல்லாமல் போகுமா என்றுதான் நினைத்திருந்தேன். கடைசியில் ஒரு மூலையில் மீன் கண்டேன். உப்பில் காய்ந்து பலகையாய் நின்றது. சுகந்தியிடம் ஓடி வந்தேன்.

"இஞ்சேரும், கருவாட்டில கூழ் காய்ச்சினால் என்ன?"

அவள் நைட்டிகளை விலக்கிக் கதவைத் திறந்து, காருக்குள் ஏறி, முன்சீட்டில் இருந்தாள். "மா ஊறிப்போய் நிக்குது. அண்ணை வரப்போறார்" என்று மட்டும் மெல்லச் சொன்னாள். கண் கலங்கியிருந்தது. எனக்கு அந்த நிமிடம் பகிடி ஒன்றும் வரவில்லை. (வந்தது, சொல்லவில்லை. அதுவே என் வாழ்க்கையில் பெரிய தியாகம்.)

ஆனால் கடையின் நடுவில் இருக்கிற ஆளை யாரும் சும்மா விட மாட்டார்கள். ஒரு கிழவி கார் யன்னலுக்குள் தலையை நீட்டி, கண்ணாடியில் தொங்கிய நைட்டியைக் காட்டி விலை கேட்டாள். சுகந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு கடைக்காரியைப் பார்த்தாள். கடைக்காரி விரலைக் காட்டினாள். சுகந்தி அதே விரலைக் கிழவிக்குக் காட்டினாள். கிழவி பேரம் பேசினாள். பருத்தித்துறைக்காரியோடு பேரமா? "ஏலாதணை. துணியைப் பிடிச்சுப் பாருங்கோ, பட்டு மாதிரி" என்றாள் சுகந்தி, சுத்தத் தமிழில். கிழவி பிடித்துப் பார்த்து, வாங்கிக்கொண்டு போனாள். சந்தை கலையும்போது காருக்குள் இருந்தபடியே சுகந்தி ஒரு பக்கக் கண்ணாடியில் தொங்கிய நைட்டிகளை விற்று முடித்திருந்தாள். கடைக்காரி அவளைக் கட்டிப்பிடித்து, மிஞ்சியதில் பெரியது ஒன்றைப் பரிசாகக் கொடுத்தாள். மஞ்சள் நிறம், சிவப்புப் பூ. நாங்கள் மூவரும் அதற்குள் ஒன்றாகப் புகலாம்.

திரும்பும் வழியில் வெற்று ஐஸ் பெட்டி மட்டும் ஒவ்வொரு வளைவிலும் உருண்டு என்னைத் திட்டியது.

வீட்டு வாசலில் அண்ணனும் அண்ணியும் ஏற்கனவே வந்து படிக்கட்டில் இருந்தார்கள். நேரத்தோடு வந்துவிட்டார்கள். அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பிறகு இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"என்ன மச்சான், சந்தைக்குப் போனியளாம். என்ன வாங்கினீர்?" என்றார் அண்ணன், வேறு கதை இல்லாமல்.

யாழினி மஞ்சள் நைட்டியை விரித்துக் காட்டினாள்.

அண்ணன் அதைக் கொஞ்ச நேரம் ஆராய்ந்தார். "இதிலையோ கூழ் காய்ச்சுறது?"

சுகந்தி சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். அந்த நேரத்தில் மாடியிலிருந்து வீட்டுக்காரி என் பெட்டியைப் பார்த்தாள், தன் மணிக்கூட்டைத் தட்டினாள், சிகரெட்டால் துறைமுகத்தைக் காட்டினாள். மணி ஐந்து. எல்லோரும் ஓடினோம். அண்ணி செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினார்.

வள்ளங்கள் அப்போதுதான் வந்துகொண்டிருந்தன. பின்னால் ஒரு வானம் நிறையக் கடற்காகம். பெட்டிபெட்டியாக நண்டு ஊர்ந்தது, றால் துள்ளியது, கணவாய் மை கக்கியது. அவ்வளவும் நாங்கள் குடியிருந்த வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில். நான் பெட்டியைப் பிடித்துக்கொண்டு ஒரு கம்பத்துக்குப் பின்னால் நின்றேன்.

அண்ணன் ஒரு நண்டைத் தூக்கினார்.

"அதை வையுங்கோ அண்ணை. அது வெறும் தண்ணி" என்றாள் சுகந்தி.

"ஆர் சொன்னது? தூக்கிப் பார், என்ன பாரம்!"

"ஓட்டுப் பாரம். உங்களுக்கு அண்டைக்கும் நண்டு பாக்கத் தெரியாது, இண்டைக்கும் தெரியாது. இஞ்ச தாங்கோ."

மூன்று வருடத்துக்குப் பிறகு பேசிய முதல் கதை அது. அண்ணன் நண்டைக் கொடுத்தார். கொஞ்சம் தொண்டையைச் செருமினார்.

"சுகந்தி, அந்தக் கார்டு விசயம்..."

"முதல் றாலை எடுங்கோ. முடியப்போகுது."

வாடகை வீட்டில் பெரிய பானை இல்லை. வீட்டுக்காரி தன்னுடைய ஸ்பெயின் நாட்டுச் சோற்றுத் தட்டுச்சட்டியைத் தந்தாள். வண்டிச் சில்லு அளவு அகலம், விரல் அளவு ஆழம். அதில் காய்ச்சினால் தண்ணீர் நிற்குமா? கூழாகத் தொடங்கியது களியாக முடிந்தது. நாங்கள் சட்டியைச் சுற்றியிருந்து கரண்டியால் வெட்டி வெட்டிச் சாப்பிட்டோம். எல்லோருக்கும் மூக்கு ஒழுகியது. பெரிய நண்டுக் காலை அண்ணன் எடுத்தார், சுகந்தி பறித்தாள். கார்டு விசயத்தை அன்றைக்கு யாரும் கதைக்கவில்லை.

அந்தக் கார் இப்போது இல்லை. யாழினி நொஷாட்டல் நகரத்துப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். நான் சொன்னதையெல்லாம் அவள் நம்பிய கடைசிக் கோடை அது என்று நினைக்கிறேன். இப்போது நான் எதையாவது அடித்துச் சொல்லத் தொடங்கினால், "ஓமப்பா, அங்க மீனும் இருக்குமோ?" என்று கேட்கிறாள். மஞ்சள் நைட்டி எங்கள் நிலக்கீழ் அறையில் பனிக்காலக் கார்ச் சில்லு நாலையும் ஒன்றாக மூடிக்கொண்டிருக்கிறது.

அந்தக் கோடை முடிந்து இரண்டு வருடங்களுக்குப் பிறகு ஒரு சனிக்கிழமை பின்னேரம் பீலில் எங்கள் வீட்டு மணி அடித்தது. கதவைத் திறந்தால் அண்ணனும் அண்ணியும், கையில் தட்டத்தோடு. இளைய மகளுக்குக் கலியாணம்.

"வாறதெண்டு ஒரு போன் எடுத்திருக்கலாமே அண்ணை! எப்ப வந்தனீங்கள்?" என்றாள் சுகந்தி, நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு.

"காலமையே வந்திட்டம். ஏரிக்கரையில இருந்தனாங்கள்." அண்ணன் மணிக்கூட்டைப் பார்த்தார். "அஞ்சு மணிக்கு வந்தால்தானே புதுசு."

சுகந்தி இரண்டு கையாலும் கார்டை வாங்கினாள். சிரித்தாளா அழுதாளா என்று சொல்லத் தெரியவில்லை. இந்தக் கட்டத்துக்குப் பொருத்தமாக என்னிடம் நல்ல பகிடி ஒன்று இருந்தது. வாயைத் திறந்தேன்.

"நீர் பேசாம இரும்" என்று அண்ணனும், "நீங்கள் பேசாம இருங்கோ" என்று தங்கையும், ஒரே மூச்சில் சொன்னார்கள்.