நூத்திநாப்பது ரைட்டர்

சேர்வராயன் மலையில் உட்கார்ந்து டீ குடித்ததை யாருமே பார்த்திராத ஒரே மனிதர் எங்கள் எஸ்டேட் ரைட்டர்தான். காபித் தோட்டத்து ஆட்களின் வருகையை நடந்துகொண்டே எழுதுவார். சலூனில் பாதி முடி வெட்டியதும் எழுந்து வாசலுக்குப் போய், பஸ் வந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு வருவார். அவருக்கு எந்த பஸ்ஸிலும் போக வேண்டியிருக்காது. அந்த எஸ்டேட் ஆபீசிலேயே கிளார்க்காக இருந்த எனக்கும் ஒரு மாதத்தில் கால் ஆட ஆரம்பித்துவிட்டது.

இப்படிப்பட்டவர் குப்பனூரிலிருந்து ஏற்காடு வரை ஓடும் மலைப் பந்தயத்தில் சேர்ந்தார். முதல் வருஷம் புயலாகக் கிளம்பிப் பாதி மலையில் மயங்கி விழுந்து, வேனில் பலாப்பழங்களோடு பலாப்பழமாக வந்து சேர்ந்தார்.

அதற்கப்புறம்தான் அந்தக் கைக்கடிகாரம் வாங்கினார். நெஞ்சில் ஒரு பட்டையும் கட்டிக்கொள்ள வேண்டும். இதயத் துடிப்பு நிமிஷத்துக்கு நூற்று நாற்பதைத் தாண்டினால் 'கீ... கீ...' என்று கத்தும். உடனே வேகத்தைக் குறைக்க வேண்டும். மெதுவாக ஓடிப் பழகினால்தான் நெடுந்தூரம் தாங்குமாம். பிறவியிலேயே பொறுமை இல்லாதவருக்கு இதைவிடத் தண்டனை உண்டா?

வாழவந்தி ஏற்றத்தில் கீ கீ. பல்லைக் கடித்துக்கொண்டு நடந்தார். காபிப்பழம் பறிக்கப் போகும் பெண்கள் கூடையோடு அவரைத் தாண்டிப் போனார்கள்.

"ஏனுங்க ரைட்டரே, கால்ல முள்ளு ஏறிருச்சுங்களா?" என்றாள் பாப்பாத்தி.

"பேச்சுக் குடுக்காதம்மா, நூத்திநாப்பது ஆயிருச்சு!"

அன்றிலிருந்து 'நூத்திநாப்பது ரைட்டர்' என்ற பெயர் நிலைத்துவிட்டது. ஒருநாள் மானேஜர் திட்டும்போது கடிகாரம் கத்தியது. "சார், கொஞ்சம் மெதுவாத் திட்டுங்க" என்று கேட்டுக்கொண்டார். வெள்ளக்கடையில் நாய் துரத்தியபோதுகூட, "அத மொதல்ல மெதுவா வரச் சொல்லுங்க!" என்று கூவியபடிதான் ஓடினார்.

எட்டு மாதம் கழித்து மறுபடி பந்தயம். கடைசி ஆளாகக் கிளம்பினார். நான் ஏரிக்கரையில், பந்தயம் முடியும் இடத்தில் நிலைகொள்ளாமல் நடந்துகொண்டிருந்தேன். கீழேயிருந்து பைக்கில் வந்த ஒருவர், "உங்க ரைட்டரு பாதிப் பேரத் தாண்டிட்டாருங்க, நொம்ப நல்லா வராரு!" என்றார். ஆனால் அந்தப் பாதிப் பேரும் வந்துவிட்டார்கள், ரைட்டரைக் காணோம். என் பைக்கை எடுத்துக்கொண்டு மலையிறங்கினேன்.

ஒரு கொண்டை ஊசி வளைவில் தரையில் உட்கார்ந்திருந்தார். ஓடிவந்த யாரோ ஒரு இளைஞன் சரிந்துபோய், அவர் மடியில் தலை வைத்துக் கிடந்தான். ரைட்டரின் பட்டை அவன் நெஞ்சில் இருந்தது. கடிகாரத்திலிருந்து இவர் கண்ணை எடுக்கவில்லை.

"ஒண்ணுமில்ல கண்ணு, மூச்ச மெதுவா உடு" என்று அவனிடம் சொன்னவர், என் பக்கம் திரும்பினார். "நூத்தித்தொண்ணூறு காட்டுச்சுங்க. இப்ப நூத்திப்பத்து. ஆம்புலன்சு வருது."

அரைமணி நேரமாக அசையாமல் அப்படியே இருந்திருக்கிறார். ஆம்புலன்ஸ் வந்து இளைஞனை ஏற்றிக்கொண்டது. பிழைத்துக்கொண்டான் என்று மறுநாள் தெரிந்தது.

"வண்டியில ஏறுங்க" என்றேன்.

"பாதியில உட்டுட்டு வரதுக்கா எட்டு மாசம் நடந்தேன்? நீங்க முன்னால போங்க."

அவர் வந்து சேர்ந்தபோது பேனரைச் சுருட்டி எடுத்துப் போயிருந்தார்கள். காலி பாட்டில்களைப் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். சுற்றிலும் பார்த்துவிட்டு, "ஏனுங்க, யாரும் இல்லீங்களா?" என்றார்.

நான் ஒருவனே கைதட்டினேன். அவர் வந்து என் கையைப் பிடித்து நிறுத்தும்வரை தட்டிக்கொண்டே இருந்தேன்.