மூக்கு அடைபட்ட வீடு

புக்கிட் செலம்பாவ்,
12 மே 1981

மதிப்புக்குரிய மச்சான் ஜெரார்ட் அவர்களுக்கு, உங்கள் மைத்துனன் ஏசுதாசன் எழுதிக்கொள்வது. மாதா தயவில் நான், அகத்தா, மகள் ரூத் மூவரும் உயிரோடு இருக்கிறோம். சுகமா என்று மட்டும் கேட்காதீர்கள். அலோர் ஸ்டாரில் அக்காளின் முட்டிவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

மச்சான், உங்கள் மகன் கிளாரன்ஸ் என் குடியைக் கெடுத்துவிட்டான். முப்பத்திரண்டு வருஷம் ரப்பர் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்து, ஓய்வுபெற்று, சொந்தமாக ஒரு வீடு கட்டலாம் என்றால், கோப்பிக்கடை மாடியில் மூன்று பேரை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் படம் வரைகிறானே, அவனிடம் போகச் சொன்னது நீங்கள்தான். படம் வரையச் சொன்னால் வரைய வேண்டியதுதானே? காலையில் ஒரு தரம், மத்தியானம் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் என் நிலத்துக்கு வந்து, நடுவில் கொசுவத்தியைக் கொளுத்தி வைத்து, புகை எந்தப் பக்கம் போகிறது என்று குந்திப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுத்த வீட்டு முருகையா வேலிக்கு மேலே தலையை நீட்டி, "என்னா கிராணி, வேதக்காரவங்களும் பூசை போடுறீங்களா?" என்று கேட்டான். எனக்கு மானம் போயிற்று.

அதற்குப் பிறகு அவன் கொண்டுவந்த படத்தைப் பார்த்தீர்களா? கூரைக்கு நடுவில் நீளமாக ஒரு திறப்பு, சூடு ஏறிப் போவதற்காம். கிழக்குச் சுவரில் பாதிக்குப் பலகைச் சட்டம், இடையில் சந்து, காற்று வருவதற்காம். பலகையும் புதுசு இல்லை. தோட்டத்தில் கித்தாப் பால் ஷீட்டைப் புகைபோடும் கொட்டகையைப் பிரித்தார்களே, அந்தப் பலகை! "கரையான் வராது மாமா, நல்ல மரத்தை ஏன் அடுப்புல போடணும்?" என்கிறான். மேற்கே நிற்கிற பலாமரத்தை மட்டும் தொடவே கூடாது என்று என்னிடம் சத்தியம் வேறு வாங்கினான். கட்டிடம் படிச்சிருக்கானா, ஃபாரஸ்டர் வேலைக்குப் படிச்சிருக்கானா, நீங்களே சொல்லுங்க மச்சான்.

சொந்தக்காரப் பையனாச்சே என்று கட்டி முடிக்கிற வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. அவன் அந்தப் பக்கம் போன பிறகு சில்லறைத் திருத்தம் மட்டும் செய்தேன். கூரைத் திறப்பைத் தகரம் வைத்து ஆணி அடித்து மூடினேன். வௌவால் வந்தால் யார் பதில் சொல்வது? பலகைச் சுவர் முழுக்க மறைகிற மாதிரி ஒரு ஷோகேஸ் வாங்கி நிறுத்தினேன். பீங்கானை வேறு எங்கே வைப்பது? பலாமரத்தை வெட்டினேன், கார் நிறுத்த இடம் வேண்டாமா? கார் இன்னும் வாங்கவில்லை, அது வேறு விஷயம்.

இப்போது கேளுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பாலிங்கிலிருந்து பரஞ்சோதி குடும்பம் ரூத்தைப் பெண் பார்க்க வந்தது. பையன் வாத்தியார், இதற்கு முன்னால் இரண்டு இடம் தட்டிப்போன என் மகளுக்கு வராது வந்த சம்பந்தம். மத்தியானம் இரண்டு மணி. உள்ளே உட்கார்ந்தால் அடுப்புக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது! பரஞ்சோதி கைக்குட்டையைப் பிழிகிறார். அவர் சம்சாரம் பிரேமாவதி அம்மா முகத்தில் பவுடர் கோடு கோடாக இறங்குகிறது. அகத்தா ஆசையாகச் செய்த கேக்கு மேலே இருந்த ஐசிங் தட்டில் ஓடுகிறது. அந்தம்மா தண்ணீர் கேட்டுச் சமையல்கட்டுக்குப் போனவர்தான், ரூத்தோடு அங்கேயே நின்றுவிட்டார். பரஞ்சோதி, "கொஞ்சம் வெளிய நெழல்ல குந்தலாமா கிராணி?" என்றார். வெளியே நிழலுக்கு நான் எங்கே போவேன்? பலாமரத்து அடிக்கட்டைதான் நிற்கிறது. அரை மணி நேரத்தில், "சொல்லி அனுப்புறோம்"னு கெளம்பிட்டாங்க லா. அந்தப் பேச்சுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? ரெண்டு நாளா வயித்துல சோறு எறங்கல மச்சான்.

எல்லாம் உங்கள் மகன் செய்த வேலை. அவனைக் கூப்பிட்டுக் கண்டியுங்கள். பலகையை எல்லாம் பிடுங்கிவிட்டுக் கல் சுவர் எழுப்பி, ஏர்கோனும் மாட்டித் தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் கோப்பிக்கடை வாசலிலேயே வந்து நின்று சத்தம் போடுவேன், என் சுபாவம் உங்களுக்குத் தெரியும்.

அக்காளுக்கும் பிள்ளைகளுக்கும் எங்கள் அன்பு. கிளாரன்ஸுக்குக் கிடையாது.

இப்படிக்கு,
ஏசுதாசன்

பி.கு. வியாழக்கிழமை. ஸ்டாம்பு ஒட்டுவதற்குள் மாப்பிள்ளை மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார். சமையல்கட்டில் ரூத் அந்தம்மாவிடம், "வீடு நல்ல வீடுதான் ஆன்ட்டி, எங்கப்பாதான் மூக்க அடைச்சிட்டாரு" என்று சொல்லியிருக்கிறாள். "பெத்த அப்பனயே விட்டுக்குடுத்து உண்மைய பேசுதே, இந்தப் புள்ளதான் நம்ம வீட்டுக்கு வேணும்" என்றாராம் பிரேமாவதி அம்மா. ஜூலையில் கல்யாணம்! மாப்பிள்ளை மாமனார் வீட்டில் செய்த முதல் காரியம், ஏணி போட்டு ஏறி நான் அடித்த ஆணியைப் பிடுங்கியது. ஷோகேஸையும் நகர்த்திவிட்டார். வேதப்புத்தகத்தைத் தூக்கிக் காகிதத்தின் மேலே வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன், அப்படிக் காற்று. பரஞ்சோதிக்கும் ஒரு வீடு வேண்டுமாம், கிளாரன்ஸை வரச் சொல்லுங்கள். பலாமரத்தைப் பற்றி மட்டும் நான் நேரில் சொல்லிக்கொள்கிறேன், இன்றைக்குக் கன்று நட்டிருக்கிறேன். மேலே எழுதியதைக் கிழித்துவிட்டு வேறு எழுதலாம் என்றுதான் பார்த்தேன். நல்ல காகிதத்தை வீணாக்கினால் உங்கள் மகனுக்குப் பிடிக்காது. அதனால் அப்படியே அனுப்புகிறேன், நீங்கள் இங்கிருந்து படிக்க ஆரம்பியுங்கள்.