பெட்டி இட்ட குரவை

வீட்டில் பாட்டுக் கேட்க வால்வு ஆம்ப்ளிஃபயர் வாங்கலாமா, டிரான்சிஸ்டர் வாங்கலாமா என்று இன்றும் என்னைத் தேடி வந்து கேட்கிறார்கள். (வராமல் என்ன செய்வார்கள்? தக்கலையில் ஆம்ப்ளிஃபயரின் வயிற்றைத் திறந்து பார்த்த முதல் ஆள் நான்தானே. படிப்பு நாலாம் வகுப்பு.) வால்வுதான் என்பேன். சத்தம் இனிமை என்பதெல்லாம் அப்புறம். டிரான்சிஸ்டர் சுவிட்சைத் தட்டியதும் பேசிவிடும். வால்வு சூடான பிறகுதான் வாயைத் திறக்கும். அந்தத் தாமதத்தில்தான் நான் குடும்பஸ்தன் ஆனேன்.

நாங்கள் திருவிதாங்கூரோடு இருந்த காலம். யுத்த ஏலத்தில் கிடைத்த சாமான்களை வைத்து நானே ஒரு ஆம்ப்ளிஃபயர் கட்டியிருந்தேன். கார் பேட்டரியில் ஓடும். என் கல்யாணத்துக்கும் அதுதான். வேறு யாரையும் தொட விடாமல் மணவறையில் என் பக்கத்திலேயே வைத்துக்கொண்டேன். கழுத்தில் மாலை, மடியில் ஸ்குரூ டிரைவர்.

பெண்ணின் தாய்மாமன் (எங்கள் பக்கத்தில் அம்மாவன்) பந்தலுக்குள் வந்ததும் கத்தினார். "ஏலே, மணவறையில இரும்புப் பெட்டியா? அத இறக்கு. இல்லேன்னா தாலி இல்ல."

"அம்மாவா, இறக்கினா வயரு அந்துரும்."

"அப்போ பெட்டியவே கட்டிக்கோ. நான் பிள்ளைய எழுப்பிக் கூட்டிட்டுப் போறேன்."

சனம் சிரித்தது. எனக்கு வந்ததே கோபம். சுவிட்சைத் தட்டி, சத்தத்தை முழுக்கத் திருகி, ஊருக்கே கேட்கட்டும் என்று மைக்கைப் பிடித்துச் சொன்னேன்: "இந்தக் கோட்டானுக்குப் பயந்து ஒரு கல்யாணமா? பொண்ணும் வேண்டாம், மண்ணும் வேண்டாம்."

ஊருக்குக் கேட்கவில்லை. வால்வு சூடாக வேண்டும் என்று எல்லாருக்கும் பாடம் நடத்தியவன், அன்றைக்கு அதை மறந்துபோனேன். நாகஸ்வரச் சத்தத்தில் என் பேச்சு ஒரே ஒருத்தி காதில்தான் விழுந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்.

"கோட்டானா?" என்றாள். அவள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. மாலைக்குள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பயந்தேன். சிரிப்பு.

அதற்குள் வால்வுகள் சூடாகிவிட்டன. மைக்குக்கு நேர் மேலே ஒலிபெருக்கிக் குழாய். அதன் சத்தமே திரும்ப மைக்குக்குள் போனது. பெட்டி ஊளையிட்டது பாருங்கள், அப்படி ஓர் ஊளை. தாலி கட்டும்போது பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவையிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். அடுக்களையில் நின்றவர்கள், யாரோ குரவை தொடங்கிவிட்டார்கள் என்று மொத்தமாகக் குரவையிட்டார்கள். குரவையைக் கேட்டு மேளக்காரர் கெட்டிமேளம் கொட்டினார். கெட்டிமேளத்தைக் கேட்டுப் புரோகிதர் தாலியை என் கையில் திணித்தார். அம்மாவனின் வாய் அசைந்தது. ஓர் எழுத்துக்கூட யாருக்கும் கேட்கவில்லை. அவள் குனிந்து கழுத்தைக் காட்டினாள். கட்டிவிட்டேன்.

எனக்கு உடன்பிறந்தாள் கிடையாது. மாப்பிள்ளையின் உடன்பிறந்தாள் தொடங்க வேண்டிய குரவையைத் தொடங்கி வைத்ததால் பெட்டிக்கு 'நாத்தனார்' என்று பெயர் வைத்தாள் என் மனைவி. எங்கள் வீட்டில் இன்றும் அதுதான் பெயர். (பேரப்பிள்ளைகளுக்கு அது பாட்டி முறை.)

போன மாதம் மகன் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர் ஒன்றைக் கொண்டுவந்து, பழசைப் பரணில் ஏற்றட்டுமா என்று கேட்டான். நான் வாயைத் திறக்குமுன் அடுக்களையிலிருந்து பதில் வந்தது.

"மக்கா, நாத்தனாவத் தொடாத. உங்கப்பா என்னை வேண்டாம்னு சொன்னத வெளிய விடாம முழுங்கினவ அவ."