ஆசை அவளுக்கு, நண்டு எனக்கு

பிள்ளைத்தாய்ச்சிகளைக் கிளினிக்கில் மாதாமாதம் நிறுத்துப் பார்ப்பார்கள். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதே தராசில், வாங்குப் பலகை நிறையப் பிள்ளைத்தாய்ச்சிகள் இருந்து பார்த்துக்கொண்டிருக்க, செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்ற ஆண்பிள்ளை, எனக்குத் தெரிந்து, யாழ்ப்பாணத்தில் ஒருவன்தான். அவனைப் பற்றிக் கொஞ்சம் மரியாதையில்லாமல்தான் எழுத வேண்டியிருக்கிறது. அந்த உரிமை எனக்கு உண்டு, ஏனென்றால் அவன் நான்தான்.

நானும் ஜெனிற்றாவும் கலியாணம் முடித்த பிறகு, "முதலில் கையில் நாலு காசு சேரட்டும்" என்று பிள்ளையைத் தள்ளிப் போட்டுக்கொண்டே வந்தோம். அவள் ஒரு கணினி வகுப்பில் படிப்பித்தாள். எனக்கு மோட்டார் சைக்கிள் விற்கும் கடையில் வேலை. இரண்டு சம்பளமும் ஒழுங்காக வந்த காலத்தில் வராத பிள்ளை, புது மோட்டார் சைக்கிள் இறக்குமதி நின்றுபோன காலமாகப் பார்த்து வந்தது. முதலாளி நல்ல மனிதர். "ஆளை நிப்பாட்டேல்லைத் தம்பி, சம்பளத்தைத்தான் பாதியாக்கிறன்" என்றார். (விற்பதற்கு ஒரு சைக்கிள் மணிகூட இல்லாத கடையில் அதுவே பெரிய மனது.) அதே கிழமை ஜெனிற்றாவுக்கு மசக்கைச் சத்தி தொடங்கியது. காலையில் சத்தி, பஸ்ஸில் சத்தி, கணினியைத் திறந்தாலும் சத்தி. வகுப்பை விட்டுவிட்டாள். இரண்டு சம்பளத்தை நம்பிக் காத்திருந்த பிள்ளைக்குக் கடைசியில் கிடைத்தது அரைச் சம்பளம்.

இதை அவளுடைய வீட்டாருக்கு மூச்சும் விடக்கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டேன். காரணம் இருந்தது. நான் சுன்னாகத்து வெங்காயத் தோட்டக்காரர் வீட்டுச் சைவப் பிள்ளை. அவள் குருநகர் மீனவக் குடும்பம், கத்தோலிக்க வேதக்காரர். இரண்டு பக்கச் சனமும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றபோது, ஜெனிற்றாவின் அம்மா, அதாவது என் மாமி, நடுவில் வந்து நின்று ஒரு கதை சொன்னார். மாமி சந்தையில் மீன் விற்பவர். அவருடைய குரலுக்கு முன்னால் மற்றக் குரல்கள் எடுபடுவதில்லை.

"பெடியன் மாதச் சம்பளக்காரன். காத்தடிச்சாலும் மழை பெஞ்சாலும் மாதக் கடைசியிலை காசு வரும். பிறகென்ன கதை?"

கலியாணம் நடந்தது. என்னிடம் அழகையோ படிப்பையோ மாமி கண்டுபிடித்துச் சொல்லவில்லை. மாதச் சம்பளம் ஒன்றுதான் என் தகுதி. அதில் பாதி போய்விட்டது என்று எந்த முகத்தோடு அவரிடம் போய் நிற்பது?

ஆகவே சிக்கனம். அந்தப் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். முதல் வெட்டு மீனுக்கு. அப்பாவின் தோட்டத்திலிருந்து வெங்காயமும் கத்தரிக்காயும் சும்மா வரும். மற்றபடி காலையில் பருப்பு, மத்தியானம் பருப்பு, இரவில் மிஞ்சிய பருப்பு. ஜெனிற்றாவுக்கு அதனால் ஒன்றும் இல்லை. அவள் கஞ்சியையும் மோந்து பார்க்க ஒரு தேசிக்காயையும் தவிர எதையும் கிட்ட எடுப்பதில்லை. நான்தான் தவித்துப்போனேன். கலியாணத்துக்குப் பிறகு மாமி கையால்தான் நான் முதன்முதலில் நண்டு சாப்பிட்டேன். (பரம்பரைச் சைவன் கெட்டால் அரைகுறையாகக் கெடமாட்டான்.)

ஒரு நாள் மத்தியானம், பருப்பும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்த நேரம், மாமி போன் எடுத்தார். ஜெனிற்றா நித்திரை.

"தம்பி, பிள்ளைக்கு என்ன சாப்பிட ஆசையாம்?"

கேள்வி அவளைப் பற்றியதுதான். பதில் மட்டும் என் வயிற்றிலிருந்து வந்துவிட்டது.

"நண்டுக்கறியாம் மாமி."

"நண்டோ? அது சூடெல்லே?" மாமி கொஞ்சம் யோசித்தார். "சரி, என்ன செய்யிறது. வயித்துப்பிள்ளைக்காரி ஆசைப்பட்டதைக் குடுக்காட்டில் பிறக்கிற பிள்ளைக்குக் காதிலை சீழ் வடியும். நாளைக்கு அனுப்பிவிடுறன்."

சொன்னபடி அனுப்பினார். மோட்டார் சைக்கிளில் பெட்டி கட்டிச் சுன்னாகம் பக்கம் மீன் விற்க வரும் ஓர் அண்ணை சாப்பாட்டுக் கரியரை வீட்டில் இறக்கிவிட்டுப் போனார். மூடியைத் திறந்ததுதான் தாமதம், ஜெனிற்றா மூக்கைப் பொத்திக்கொண்டு வாசல் படலைக்கு ஓடினாள்.

"அம்மாவுக்கு விசரோ? நானே சத்தியெடுத்துச் சாகிறன், நண்டு அனுப்புறா! இஞ்சருங்கோ, நீங்களே சாப்பிடுங்கோ. வாயைச் சவுக்காரம் போட்டுக் கழுவிப்போட்டு என்னைக் கூப்பிடுங்கோ."

"வேண்டாமெண்டு மாமிக்குச் சொல்லட்டோ?" என்று கேட்டேன். (கேட்டேன்தான். எவ்வளவு மெதுவாகக் கேட்டேன் என்பது வேறு விஷயம்.)

"ஐயோ வேண்டாம், பாவம். ஆசையாய்ச் சமைச்சிருப்பா, மனம் நோகும்."

பிறகு நான் என்ன செய்ய? பெண்சாதி சொல்லைத் தட்டக்கூடாது, மாமியாரின் மனம் நோகக்கூடாது, சாப்பாடு வீணாகக்கூடாது. மூன்று தர்மங்களையும் ஒரே கோப்பையில் போட்டுக் குழைத்துச் சாப்பிட்டேன்.

அதன் பிறகு மாமி கேட்கும்போதெல்லாம் ஜெனிற்றாவின் ஆசைகள் வளர்ந்துகொண்டே போயின. றால் பொரியலாம் மாமி. கணவாய்க் கறியாம் மாமி. சுறா வறையாம், புட்டோடையாம். கரியர் வருவதும் ஜெனிற்றா படலைக்குப் போய் முருங்கை மரத்தடியில் நிற்பதும் ஒழுங்கான நடைமுறையாகிவிட்டது. மீனுக்கு ஒரு சதம் செலவில்லாமல் குடும்பம் ஓடுவதை நினைத்து, நாட்டின் நிதியை என்னிடம் தந்தால்கூடச் சமாளிப்பேன் என்று எனக்குள் ஒரு எண்ணம் வந்தது. கிளினிக்கில் ஜெனிற்றாவுக்குக் கொடுத்த சத்துமாவையும் தேங்காய்ப்பூப் போட்டுக் குழைத்து நான்தான் முடித்தேன்.

ஐந்தாம் மாதக் கிளினிக்குக்குத் தானும் வருவதாக மாமி சொன்னார். "இவ்வளவு சாப்பிட்டும் பிள்ளை ஏன் இப்பிடி வாடிப்போனாள்? எனக்கு நெஞ்சு பதைக்குது. அந்தோனியாருக்கு நேர்த்தி வைச்சிருக்கிறன்" என்றார். அப்போதுகூட எனக்குப் புத்தி வரவில்லை. வழியில் ஓட்டோவுக்குள் மாமி கொண்டுவந்த மீன் கட்லற் இரண்டைச் சாப்பிட்டேன்.

கிளினிக் மருத்துவமாதுவை எல்லோரும் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவார்கள். மிஸ்ஸி ஜெனிற்றாவைத் தராசில் ஏற்றிப் பார்த்தார். முகம் சுருங்கியது.

"என்ன இது? நிறை குறைஞ்செல்லோ போயிருக்கு! வீட்டிலை சாப்பிடுறேல்லையோ?"

மாமிக்கு வந்ததே கோபம். "என்ன மிஸ்ஸி கேக்கிறியள்? கேட்டதெல்லாம் சமைச்சுக் குடுக்கிறன். நண்டு, றால், கணவாய், சுறா. என்ரை கையாலை!" சந்தைக் குரல். கிளினிக் முழுவதும் கேட்டது.

"அப்ப அதெல்லாம் எங்கை போகுது?"

"எனக்கு மணமே ஒத்துக்கொள்ளேல்லை மிஸ்ஸி," என்றாள் ஜெனிற்றா அப்பாவியாக. "வீணாக்கக் கூடாதெண்டு இவர்தான் சாப்பிடுறவர்."

மாமி மகளைத் திரும்பிப் பார்த்தார். "நீதானேயடி கேட்டனி?"

"நானோ? தேசிக்காயைத் தவிர நான் ஒண்டும் கேக்கேல்லை அம்மா!"

உப்புத் தின்றவன் தண்ணீர் குடிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. வாங்கில் இருந்த அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் சுவரில் ஒட்டியிருந்த தாய்ப்பால் படத்தைப் பார்த்தேன்.

"தம்பி," என்றார் மிஸ்ஸி, "செருப்பைக் கழட்டிப்போட்டு ஏறுங்கோ."

ஏறினேன். வேறென்ன செய்வது? கலியாணம் முடித்த புதிதில், புதுத் தம்பதிகளுக்கான கிளினிக்கில், எங்கள் இருவரையும் நிறுத்துப் பார்த்தவர் அதே மிஸ்ஸிதான். அப்போது என் நிறை என்னவென்று பழைய அட்டையில் பார்த்துவிட்டு, தராசையும் பார்த்துவிட்டு, மெதுவாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"எட்டுக் கிலோ கூடியிருக்கு. நிறை ஏறவேண்டிய அளவுக்குச் சரியாத்தான் ஏறியிருக்கு. ஆள்தான் மாறிப்போச்சு."

முதல் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. பிறகு வாங்கு முழுக்க ஆடியது. பின்வரிசையிலிருந்து ஒரு அம்மா, "இரட்டையோ தம்பி?" என்று கேட்டார். ஜெனிற்றா மட்டும் சிரிக்கவில்லை. அவள் பார்த்த பார்வையில், தராசில் நின்றபடியே என் நிறை குறைந்திருக்கும்.

வெளியே வேப்பமரத்தடிக்கு வந்ததும் மாமி ஒன்றும் பேசவில்லை. மீன் விற்கும் மனுசி பேசாமல் நிற்பது நல்லதற்கல்ல. பயத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். சம்பளம் பாதியானது, மீனை வெட்டியது, பருப்பு, முதல் பொய், மற்றப் பொய்கள், எல்லாம்.

"மாதச் சம்பளக்காரன் எண்டுதானே மாமி என்னை எடுத்தனீங்கள். அதுதான் சொல்ல வாய் வரேல்லை."

"அது ஊர்ச் சனத்தின்ரை வாயை மூடச் சொன்ன கதை," என்றார் மாமி. "நீங்கள் அவளைப் பாக்கிற பார்வையைப் பாத்துத்தான் நான் ஓமெண்டனான். எங்கடை வீட்டிலை எந்த மாதம் முழுச் சம்பளம் வந்தது தம்பி? மாமா வெறும் வலையோடை வந்து குந்தின நாள் எத்தினை! நாலு பிள்ளையளும் வளந்துதுகள்தானே. இல்லையெண்டால் இல்லையெண்டு வாயைத் திறந்து சொல்லவேணும். நான் பயந்தது என்ரை பிள்ளைக்கு ஏதோ வருத்தமெண்டு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு நாளும் சுமந்தது இறங்கிவிட்ட நிம்மதியும், மனுசியை இப்படிப் பயப்படுத்திவிட்டேனே என்ற வெட்கமும் சேர்ந்து வந்தன.

மாமி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். "அது கிடக்கட்டும். நண்டு எப்பிடி இருந்தது?"

அந்த இடத்தில் ஒரு புத்திசாலி மன்னிப்புக் கேட்டிருப்பான்.

"கொஞ்சம் உப்புக் கூட மாமி," என்றேன்.

பிறகு மாமி சிரித்த சிரிப்பில் கிளினிக்குக்குள் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஜெனிற்றாவும் அப்போதுதான் சிரித்தாள்.

அடுத்த நாளே மாமி பையோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். தேசிக்காய் விட்ட கஞ்சியில் தொடங்கி, மெல்ல மெல்லச் சோறு வரைக்கும் மகளைக் கொண்டுவந்தார். எனக்குப் பருப்பு. அப்பா வெங்காயத்தோடு பசுப்பாலும் அனுப்பினார். குருநகரிலிருந்து பழைய தொட்டிலும் ஒரு மூட்டை பிள்ளை உடுப்பும் வந்தன. எப்படிச் சமாளிப்போம் என்று நான் தலையைப் பிடித்துக்கொண்டிருந்த மாதங்கள் அப்படியே போய்விட்டன. மகள் பிறந்தாள். காதுகள் இரண்டும் சுத்தமாக இருந்தன. முழுச் சம்பளம் அவள் நடக்கத் தொடங்கிய பிறகுதான் வந்தது.

இப்போது எங்கள் இரண்டு பக்கக் குடும்பத்திலும் யாருக்காவது தனக்கென்று ஒன்று கேட்க வெட்கமாக இருந்தால், "ஜெனிற்றாவுக்கு ஆசையாம்" என்பார்கள். மகளும் பழகிவிட்டாள். போன கிழமை ஐஸ்கிறீம் கடை வாசலில் என் கையைப் பிடித்து இழுத்து, "அப்பா, அம்மாவுக்கு ஐஸ்கிறீம் ஆசையாம்" என்றாள். அம்மா வீட்டில் தேசிக்காயை மோந்துகொண்டு படுத்திருந்தாள். ஓம், மறுபடியும் மூன்றாம் மாதம்.

நேற்று மத்தியானம் மாமி போன் எடுத்தார்.

"தம்பி, போனை அவளிட்டைக் குடுங்கோ. அவளின்ரை ஆசையை அவளிட்டையே கேக்கிறன்."

கொடுக்கப் போனேன்.

"பொறுங்கோ பொறுங்கோ. முதல் உங்கடை ஆசையைச் சொல்லிப்போட்டுக் குடுங்கோ."

"நண்டு மாமி," என்றேன். "உப்பைக் கொஞ்சம் குறைச்சு."