நூற்று நான்கு செப்டம்பர் பதினெட்டுகள்

உலகம் என்றைக்கு முடியும் என்று தெரிந்துவைத்திருப்பவர்கள் ஒரு தனி இனம். தேடிப் போக வேண்டியதில்லை, அவர்களே வருவார்கள். உங்கள் தெருவில் ஒருவர், அலுவலகத்தில் ஒருவர், பேருந்தில் உங்கள் பக்கத்து இருக்கையில் கட்டாயம் ஒருவர். மழை பெய்தால் "பாத்தீங்களா?" என்பார். மழை நின்றால் இன்னும் அழுத்தமாக "பாத்தீங்களா?" என்பார். குழாயில் தண்ணீர் கலங்கி வந்தாலும், பக்கத்து வீட்டுப் பூனை மூன்று குட்டிக்குப் பதில் ஐந்து போட்டாலும், பத்தாவது படித்த பிள்ளை தலைமுடியைச் செம்பட்டையாக்கிக்கொண்டு வந்தாலும் அவருக்கு எல்லாம் ஒன்றுதான். அறிகுறி.

இந்த இனத்தார் நிறையப் படிப்பார்கள். விண்கல் விழுந்து முடியும் புத்தகம், வெள்ளத்தில் முடியும் புத்தகம், பனி மூடி முடியும் புத்தகம், இயந்திரங்கள் எழுந்து நம் கழுத்தைப் பிடிக்கும் புத்தகம் என்று அலமாரி பிதுங்கும். எதையும் கடைசி அத்தியாயத்திலிருந்துதான் தொடங்குவார்கள். நடுவில் இருப்பதையெல்லாம் படிக்க நேரம் ஏது? இவர்களில் இரண்டு பேர் சந்தித்துக்கொள்வதை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நெருப்புக் கட்சிக்காரருக்கு வெள்ளக் கட்சிக்காரரைக் கண்டால் ஆகாது. உலகம் அழியும் என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடே கிடையாது, ஆனால் எதனால் என்பதில் முகம் கொடுத்துப் பேசி ஆறு வருடம் ஆகியிருக்கும்.

சரி, சொன்ன தேதி வந்து, சொன்ன தேதி போய்விட்டால்? நீங்களும் நானும் என்றால் ஒரு வாரம் வெளியே தலைகாட்ட மாட்டோம். அவர் மறுநாள் காலையிலேயே வந்துவிடுவார். "லீப் வருஷத்தை விட்டுட்டேன் சார்" என்பார்.

பொதுவாகப் பேசினால் புரியாது. ஒருவரை மட்டும் பக்கத்தில் போய்ப் பார்ப்போம்.

இவர் வேலை பார்த்தது ஒரு காலண்டர் அச்சகத்தில், மெய்ப்புத் திருத்துபவராக. தினமும் ஒன்றாகக் கிழிக்கிற காலண்டர் இருக்கிறதே, அதன் முன்னூற்று அறுபத்தைந்து தாள்களையும் அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொன்றாகப் பார்த்து, தேதி சரியா, கிழமை சரியா, அடியில் போட்ட வாசகத்தில் பிழை உண்டா என்று கவனித்து, ஓரத்தில் சுருக்கொப்பம் போட வேண்டும். உலகம் முடியப்போகிறது என்று நம்புகிற மனிதருக்கு அடுத்த வருடத்தைச் சரிபார்க்கும் வேலை. இருபத்திரண்டு வருடமாக இதில் அவருக்கு ஒரு முரண்பாடும் தோன்றியதில்லை. அச்சகத்தில் எல்லாரும் அவரைக் 'கடைசித் தேதி' என்றுதான் கூப்பிட்டார்கள். அதிலும் அவருக்கு வருத்தமில்லை, கொஞ்சம் பெருமைகூட.

செப்டம்பர் பதினெட்டு அவருக்குக் கிடைத்தது பழைய பேப்பர் கடையில் எடைக்கு வந்திருந்த ஒரு தடிமனான புத்தகத்திலிருந்து. முன் அட்டை இல்லை. கடைசிப் பக்கமும் இல்லை. உலக முடிவைப் பற்றிய புத்தகத்துக்கு முடிவு இல்லாவிட்டால் ஒரு படிப்பாளி என்ன செய்வார்? மூன்று மாதம் உட்கார்ந்து தானே கணக்குப் போட்டார். வருகிற வருடம், செப்டம்பர் பதினெட்டு, வியாழக்கிழமை, சூரிய அஸ்தமனம்.

அந்தச் சமயத்தில்தான் வருகிற வருடத்துக் காலண்டர் அவர் மேசைக்கு வந்தது. ஜனவரியிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். ஜூலையில் ஒரு கால்புள்ளிக்காக வடிவமைக்கிற பெண்ணோடு அரை மணி நேரம் சண்டை போட்டார். செப்டம்பர் பதினெட்டு வந்தது. அதில் ஒரு பிழையும் இல்லை. மிச்சம் நூற்று நான்கு தாள்கள். அந்தக் கட்டைக் கையில் எடுத்து எடை பார்த்தார். வராத நாட்களில் பிழை இருந்தால் யாருக்கு என்ன? கட்டைப் பிரிக்காமலே, ஓரத்தை மட்டும் விசிறி மாதிரி விரித்து, நூற்று நான்கு சுருக்கொப்பம் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார்.

வடிவமைக்கிற பெண்ணின் வேலைமுறை இப்படி: ஒரு தாளை முடித்ததும் அதையே மிச்ச நாட்களுக்கெல்லாம் நகலெடுத்து வைத்துக்கொண்டு, பிறகு ஒவ்வொன்றிலும் தேதியை மாற்றிக்கொண்டே போவாள். பதினெட்டு வரை மாற்றியவள், மிச்சத்தை அப்படியே மெய்ப்புக்கு அனுப்பிவிட்டுத் தங்கை பிரசவத்துக்காக ஊருக்குப் போயிருந்தாள். மெய்ப்பு அண்ணன் எப்படியும் திருப்பி அனுப்புவார், வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தாள். அண்ணன் ஒப்பம் போட்டுவிட்டார். ஒப்பம் இருந்தால் இயந்திரம் ஓடும். ஆறாயிரம் பிரதி ஓடியது.

ஜனவரியில் செப்டம்பரைப் புரட்டிப் பார்க்கிறவர் யார்? நீங்கள் பார்ப்பீர்களா?

இப்போது அவர் மனைவிக்கு வருவோம். அந்த அம்மாளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. உப்பு டப்பாவையும் சோடா உப்பு டப்பாவையும் நாக்கில் வைத்துத்தான் பிரித்தறிவாள். கண் ஆஸ்பத்திரியில் ஒன்பது மாதம் காத்திருந்து, ஜூலை முப்பத்தோராம் தேதி போனபோது, ஒரு கண்ணில் ஆபரேஷன் செய்ய நாள் குறித்துக் கொடுத்தார்கள். செப்டம்பர் இருபத்தாறு.

"அந்தத் தேதியே கிடையாதேம்மா" என்றார் இவர், ஆஸ்பத்திரிப் படியில் இறங்கும்போதே.

"அது உங்களுக்கு. எனக்கு உண்டு" என்றாள் அவள்.

மேசைப் பெண்ணிடம் இன்றிலிருந்து எத்தனை நாள் என்று கேட்டு வைத்திருந்தாள். ஐம்பத்தேழு. வீட்டுக்கு வந்ததும் சுவர்க் காலண்டரின் தாள்களை விரலால் தடவி ஐம்பத்தேழு எண்ணி, அந்தத் தாளில் தன் கொண்டை ஊசி ஒன்றைச் செருகிவைத்தாள். எழுத்துதான் தெரியாது. எண்ணத் தெரியுமே.

ஆஸ்பத்திரிச் சீட்டு இவருடைய புத்தகத்தில் அடையாளத் தாளாகப் போய்ச் சேர்ந்தது. ஆகஸ்டில் ஒருநாள் அதைப் பார்த்ததும் இவருக்கு ஒரு பெருந்தன்மை பிறந்தது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார்.

"இருபத்தாறாம் தேதி எங்களுக்கு வேண்டாம்மா. வேற யாருக்காவது குடுத்துடுங்க."

"ஏன் சார், ஊர்ல இருக்க மாட்டீங்களா?"

"யாருமே இருக்க மாட்டோம்."

வீட்டில் இதைச் சொல்லவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது மட்டும், கேட்காமலே, ஒன்று சொன்னார். "எல்லாரும் ஒண்ணா போறதுல ஒரு கஷ்டமும் இல்லம்மா. ஒருத்தரை விட்டுட்டு ஒருத்தர் போறதுதான்..." வாக்கியத்தை முடிக்கவில்லை. மெய்ப்புத் திருத்துபவர் வாக்கியத்தை முடிக்காமல் விட்டது அதுதான் முதல் தடவை.

"நீங்க முன்னாடி நடங்க. நான் அடுப்பை அணைச்சுட்டு, கதவைப் பூட்டிட்டு வரேன்" என்றாள் அவள்.

செப்டம்பர் பதினெட்டு வந்தது. லீவு போட்டார். குளித்தார், சவரம் செய்தார், வெள்ளைச் சட்டை போட்டு, ஜன்னலோரம் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். பத்து மணிக்கு அச்சகத்திலிருந்து இயந்திரம் ஓட்டுகிற தம்பி போன் செய்தான்.

"அண்ணே, இன்னும் இருக்கீங்களா?"

"சாயங்காலம் வரைக்கும்."

"அப்ப மத்தியானம் சாப்பிடலாம்ல?"

மூன்று மணிக்கு மனைவி உள்ளிருந்து குரல் கொடுத்தாள். "முடியறதுக்குள்ள அந்த ரெண்டு குடம் தண்ணியைப் பிடிச்சு வெச்சுடுங்க." பிடித்து வைத்தார். சூரியன் எதிர்வீட்டு மாடித் தொட்டிக்குப் பின்னால் இறங்கியது. தெருவிளக்கு எரிந்தது. யாரோ சைக்கிள் மணி அடித்தார்கள். அவ்வளவுதான். சட்டையைக் கழற்றி மாட்டிவிட்டுப் படுத்தார்.

உலகம் அப்படி முடிவதில்லை என்பது இந்த இனத்தாருக்குத் தெரியாது. அது ஏதாவது ஒரு வீட்டில், சாதாரணச் செவ்வாய்க்கிழமையில், காபி ஆறுவதற்குள் முடியும். பக்கத்து வீட்டில் பாத்திரம் கழுவுகிற சத்தம்கூட நிற்காது. அதைப் பற்றி யாரும் தடிமனான புத்தகம் எழுதுவதில்லை.

போகட்டும். மறுநாள் காலை மனைவி வழக்கம்போலத் தாளைக் கிழித்தாள். இவர் லீப் வருடக் கணக்கை மறுபடி பார்க்க எழுந்தவர், சுவரைப் பார்த்தார். செப்டம்பர் 18, வியாழன். கண்ணைத் தேய்த்துக்கொண்டார். அடுத்த தாளைத் தூக்கினார். செப்டம்பர் 18, வியாழன். அதற்கடுத்தது. அதற்கும் அடுத்தது. உடம்பெல்லாம் புல்லரித்தது.

"நின்னுடுச்சு!" என்று கத்தினார். "காலம் நின்னுடுச்சு!"

"சாவி குடுத்தீங்களா?" என்றாள் சமையலறையிலிருந்து.

வாசலுக்கு ஓடினார். நின்றுபோன காலத்தில் பேருந்து ஓடியது, எதிர்வீட்டுக்காரர் கார் துடைத்துக்கொண்டிருந்தார். வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த அந்த ஆனந்தம் மொத்தம் நான்கு நிமிடம் நீடித்தது. பிறகு முதலாளியின் போன் வந்தது.

"ஐயா, நீங்க நல்லா இருப்பீங்களா? ஊர் முழுக்க நேத்தே ஓடிட்டிருக்குது! பல் டாக்டர் கேக்கறாரு, நூத்தி நாலு நாளும் வியாழக்கிழமைதானான்னு. ஒவ்வொண்ணுலயும் உங்க ஒப்பம்!"

வேலையை விட்டு நிறுத்தவில்லை. அதைவிடப் பெரிய தண்டனை கொடுத்தார். நூற்று நான்கு தாள்களையும் சரியாக அச்சடித்து, சிறு கட்டாகத் தைத்து, கடை கடையாக, வீடு வீடாக இவரே கொண்டுபோய்க் கொடுத்து மன்னிப்புக் கேட்டுவர வேண்டும். ஆக, உலகத்துக்கு நாள் குறித்த மனிதர், தோளில் பையை மாட்டிக்கொண்டு, மிச்ச நாட்களை ஊருக்கு வினியோகம் செய்யப் புறப்பட்டார்.

"வாங்க வாங்க. நாளைக்கு வந்துடுச்சா?" என்றார் தையல்காரர்.

"டிசம்பரையும் சேர்த்தே குடுத்துட்டீங்க, தாராள மனசு" என்றாள் மருந்துக் கடைக்காரி.

இதெல்லாம் அவருக்கு உறைக்கவில்லை. உள்ளே ஒன்றே ஒன்றுதான் அரித்துக்கொண்டிருந்தது: இருபத்தாறாம் தேதி வரப்போகிறது. ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தார். விட்ட தேதி போனதுதான், இனிப் பதிந்தால் மார்ச் என்றது ஒரு குரல், பேரைக்கூடக் கேட்காமல். அவ்வளவு தள்ளிப்போனால் அவள் கண் எந்த நிலைக்குப் போகும் என்று டாக்டர் ஜூலையிலேயே சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரி வாசல்வரை இரண்டு தடவை போய்த் திரும்பினார். விண்கல்லுக்கும் வெள்ளத்துக்கும் அசராத மனிதருக்கு ஒரு மேசைப் பெண்ணின் முன்னால் போய் நிற்கத் தைரியம் வரவில்லை. வீட்டில் சொல்லவும் வாய் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அவள் தலை சீவி, மாற்றுப் புடவையைப் பையில் வைத்துக்கொண்டு கூடத்தில் நின்றாள். உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். கொண்டை ஊசி.

"இன்னைக்குங்க. கிளம்புங்க."

ஊரில் ஆறாயிரம் காலண்டர் தப்பாக இருந்தபோது, எழுத்தே தெரியாமல் எண்ணியவளுடைய கணக்கு மட்டும் சரியாக இருந்தது. பேருந்தில், மூன்றாவது நிறுத்தம் தாண்டியதும், இவர் சொல்லிவிட்டார். போன் செய்ததை, வேண்டாமென்றதை, எல்லாவற்றையும்.

அவள் உள்ளங்கையிலிருந்த ஊசியைத் திரும்பக் கொண்டையில் செருகிக்கொண்டாள். பிறகு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்: "முடியறதுக்குள்ள ஒரு தடவை தெளிவாப் பாத்துடலாம்னு நெனச்சேன்."

அவர் அழிவைப் பற்றி எத்தனையோ படித்திருந்தார். இது எதிலும் இல்லை.

ஆஸ்பத்திரி மேசைப் பெண் பதிவு நோட்டைப் பார்த்தாள். "வாங்கம்மா, உங்க பேர்தான் முதல்ல இருக்கு." பிறகு இவரை நிமிர்ந்து பார்த்தாள். "சார், யாருமே இருக்க மாட்டோம்னு சொன்னது நீங்கதானே?"

இவர் தலையாட்டினார்.

"யாராவது வேண்டாம்னா அந்த நாள் தாள்ல குறிச்சு வெப்போம், காலையில கிழிக்கும்போது கண்ணுல படும். உங்களுக்காக இருபத்தாறைத் தேடுறேன், தேடுறேன், இல்லவே இல்ல. எங்கே பாத்தாலும் பதினெட்டு. எனக்குத்தான் தலை சுத்துதுன்னு நெனச்சு மூடி வெச்சேன், ஆள் வந்துடுச்சு, மறந்தே போச்சு." சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டினாள். "யாரு சார் இதையெல்லாம் சரி பாக்கறது?"

இவர் தன் தோள்பையிலிருந்து திருத்திய தாள்கட்டு ஒன்றை எடுத்து, இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.

மறுநாள் காலை கண் கட்டைப் பிரித்தார்கள். அந்த அம்மாள் முதலில் பார்த்தது அவர் முகத்தை. வெகுநேரம் பார்த்தாள்.

"என்னங்க இது, இப்படி நரைச்சுக் கிடக்குது?"

"வயசும்மா."

"அறிகுறி" என்றாள் அவள்.

சிரித்துவிட்டீர்களா? நல்லது. உலகம் முடியும் என்று நம்பாதவர்தான் நீங்கள், தெரியும். ஆனால் "இனிமே எதுக்கு, பாத்துக்கலாம், இப்ப என்ன அவசரம்" என்று இந்த வாரத்தில் எத்தனை தடவை சொன்னீர்கள்? உங்கள் வீட்டுக் காலண்டரை ஒரு நிமிடம் புரட்டிப் பாருங்கள். தேதிகள் சரியாகத்தான் இருக்கும், அதைப் பார்க்கச் சொல்லவில்லை. நடுவில் ஏதோ ஒரு தாளில் உங்களுக்குச் சொல்லாமல் ஒரு கொண்டை ஊசி செருகியிருக்கும். அது யாருடையது என்று அந்தத் தாளைக் கிழிப்பதற்கு முன்னால் தெரிந்துகொள்ளுங்கள்.