பாசிட்டிவ் என்றால் என்னவென்று கேட்டிருக்கலாம், ராமலிங்கம்

முதலியார்பேட்டை,
புதுச்சேரி.

அன்பு மச்சான் ராமலிங்கத்துக்கு, உன் அக்காள் புருஷன் கோவிந்தசாமி எழுதுவது. இங்கு நான் உயிரோடு இருக்கிறேன். அங்கு நீயும் உன் வீட்டாரும் சுகமாக இருக்க வேண்டும்; ஆனால் சேதராப்பட்டிலேயே இருக்க வேண்டும்.

போனில் பேசினால் நீ குறுக்கே பேசுவாய் என்பதால்தான் கடிதம். எனக்குச் சோறு இறங்காமல் நெஞ்சில் அடைத்ததும், குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா இரைப்பை வாயில் புற்றுநோய், ஈரலுக்கும் பரவிவிட்டது, ஆபரேஷன் செய்ய வழியில்லை என்று சொன்னதும் உனக்குத் தெரியும். கட்டியிலிருந்து கிள்ளி எடுத்த சதையைச் சோதனைக்கு அனுப்பியதும் தெரியும். அதில் ஒரு வகைப் புரதம் மிகுதியாக இருந்தால், அதையே குறிபார்த்துப் பிடிக்கிற மருந்து ஒன்று உண்டு, கீமோவோடு சேர்த்து ஏற்றலாம், எல்லாருக்கும் அது இருக்காது என்று அந்த அம்மா படம் போட்டுக் காட்டியபோது நீ என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். செல்போன் பார்த்துக்கொண்டிருந்தாய்.

முடிவு வந்தது. புரதம் இருக்கிறது, மருந்து கொடுக்கலாம் என்றார்கள். என் மகள் கவிநிலா சந்தோஷத்தில் உனக்குப் போன் செய்து, "மாமா, அப்பாவுக்கு பாசிட்டிவ்" என்றாள். மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்டாயா? பேசிக்கொண்டிருந்த பெண்ணைப் பாதியில் விட்டுவிட்டு, வேன் பிடித்து, பதினான்கு பேரை ஏற்றிக்கொண்டு வந்து, தெருமுனையிலேயே ஒப்பாரியை ஆரம்பிக்க வைத்தாய். நான் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தேன். உன் சித்தி என் காலைக் கட்டிக்கொண்டதில் கஞ்சி லுங்கியெல்லாம் கொட்டியது. சத்தம் கேட்டு வந்த பந்தல்காரர் ராஜவேல், நாற்காலி எத்தனை போடலாம் என்று என்னிடமே கேட்டார். நல்ல செய்திக்குப் பாயசம் வைக்க இருந்த உன் அக்காள் சின்னப்பொண்ணு, பதினான்கு பேருக்கு உப்புமா கிண்டினாள்.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். நீ வாசலில் நின்று, "மாமா நல்ல மனுஷனா இருந்தாரு" என்றாயே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை. முப்பது வருஷம் மில்லில் தறிச் சத்தத்தில் நின்று காது பாதி போனவன் நான். ஆனாலும் அந்த 'இருந்தாரு' நன்றாகக் கேட்டது. "இன்னும் இருக்கேன்டா" என்று நான் சொன்னது மட்டும் ஒருவர் காதிலும் ஏறவில்லை.

டாக்டரம்மா என்னிடம் எதையும் மறைக்கவில்லை. "மொத்தமா குணமாயிடும்னு சொல்ல மாட்டேங்க ஐயா. கட்டி சுருங்கலாம், நாள் கூடலாம். எவ்ளோன்னு எனக்கும் தெரியாது" என்றார். எனக்கு அது போதும். மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏறுகிறது. இரண்டு முறை ஆகிவிட்டது. நேற்று ஒரு முழு இட்லி இறங்கியது. அதைப் பார்க்க உன் பதினான்கு பேரில் ஒருவரும் வரவில்லை.

ஆகையால் நானாகக் கூப்பிடும் வரை நீ என் வீட்டுப் படியை மிதிக்கக் கூடாது. உன் மனைவிக்கும் மகள் அபிக்கும் என் ஆசிகள். உனக்கு இந்தத் தடவை கிடையாது.

இப்படிக்கு,
கோவிந்தசாமி

பி.கு.: வியாழக்கிழமை மூன்றாவது முறை மருந்து. ஊசி குத்தி, டிரிப் ஏறி முடிய அரை நாள் ஆகும். கூட இருப்பவர் பெயர் கேட்டார்கள். உன் பெயரைக் கொடுத்துவிட்டேன். உன் அக்காள் வந்தால் ஒன்றும் பேசாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், எனக்குப் பயமாக இருக்கிறது. நீ வாயை மூடமாட்டாய். காலை ஏழு மணிக்கே வந்துவிடு.